திறந்து பார்க்கக் கூடாத சாமான்

கல்லுமலைத் தோட்டம்,
மேற்பிரிவு,
ஹட்டன்.
15.10.2006

அன்பு மகள் பிரியந்திக்கு அப்பா எழுதுவது.

மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நல்லபடியாக இருக்கிறோம். ஒரு கிழமையாக மழை விடவில்லை. லயத்து வீட்டுக் கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். ஆறு மாத வயிறு, படிகளில் பார்த்து இறங்கு. இதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள் அம்மா. ஒரு தடவை எழுதியது போதும்.

முதலில் அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்த பிறகு அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். என்னவென்று கேட்டால் நீ அழுதாயாம். அப்பா இரண்டு வார்த்தையில் போனை அம்மா கையில் கொடுத்துவிடுகிறார், நான் இவரைக் கட்டிக்கொண்டு கனடா வந்ததில் அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்றாயாம். ரொம்ப நன்றாக இருக்கிறது. கோபம் இருந்தால் உன் கல்யாணத்துக்கு நானே நின்று மைக் செட் கட்டியிருப்பேனா? யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு தெளிவான சத்தத்தை எங்கள் பக்கத்திலும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ டீச்சர் வேலையை விட்டுவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. இந்த லயத்தில் பிறந்து ஹட்டனில் படிப்பித்த பிள்ளை என்று உன்னைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். ஆனால் வருத்தம் வேறு, கோபம் வேறு. நான் போனைக் கொடுத்துவிடுவதற்குக் காரணம் போன்தான்.

நீ அனுப்பிய பொருளைக் குறை சொல்லக் கூடாது. உன் உழைப்பில் வாங்கியது. ஆனால் ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் என் சுண்டுவிரல் நகம் அளவு. அதில் எப்படி மனுசக் குரல் வரும்? மாப்பிள்ளை பேசினால் ஓரளவு பரவாயில்லை. நீ பேசினால் மேல் சத்தம் எல்லாம் வெட்டுப்பட்டு அடிச்சத்தம் மட்டும் வருகிறது. பெண் குரலை அது பிடிக்கவே மாட்டேன் என்கிறது. இது முழுக்க முழுக்கச் செய்தவன் பிழை.

திறந்து சரி பண்ணலாம் என்றால், ஸ்க்ரூவின் தலையில் நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறான். எந்த டிரைவரும் பொருந்தாது. ஒரு சைக்கிள் கம்பியை அரத்தில் ராவி நானே அதற்கு ஒரு சாவி செய்தேன். திறந்தால் உள்ளே பாதிக்குப் பாதி பசை போட்டு ஒட்டியிருக்கிறது. ஈயம் வைக்க இடம் இல்லை, கம்பி என்று ஒன்று இல்லை, படம் என்று ஒன்று இல்லை. கூட வந்த புத்தகத்தில் பல பாஷை இருந்தது. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. இங்கிலீஷில் படித்துப் பார்த்தேன். திறக்காதே, திறக்காதே என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறான். திறக்கக் கூடாத சாமானை எதற்கு விற்கிறான்? துடைத்துத் திரும்ப மூடினேன். ஒரு ஸ்க்ரூ மிச்சம் வந்தது. அது இல்லாமலே போன் வேலை செய்கிறது. அப்படியென்றால் அதை எதற்கு வைத்தான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தப் போனுக்குள் ஒரு பாம்பு விளையாட்டும் இருக்கிறது. உன் அம்மா அதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். பீலியில் வைத்த குடம் நிறைந்து வழிவது தெரியாமல் பாம்பு ஓட்டுகிறாள்.

இங்கே வருகிற ரிப்பேர் வேலையும் இப்போது அப்படித்தான். முன்பக்கத்து இஸ்தோப்பில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன், பெட்டிகள் வருகின்றன, ஆனால் பழைய மாதிரிப் பெட்டிகள் இல்லை. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு புது டிவி வாங்கியிருக்கிறாள். சத்தம் திருப்ப ஒரு குமிழ் கிடையாது. எல்லாம் ரிமோட். பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தால் திரையில் கோடு வளர்கிறது, சத்தம் வளர்வதாகத் தெரியவில்லை. நான் அதைத் திறந்து சத்தத்தைச் சரி பண்ணிக் கொடுத்தேன். மறுநாள் அவள் வந்து, அண்ணே, பிள்ளைங்க காதைப் பொத்திக்கிட்டு நாடகம் பாக்குதுங்க என்று புகார் சொல்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் சரிவராது.

நீ அனுப்பிய குக்கரும் அப்படித்தான். விசில் அடித்தால் அடுப்படிக்கே கேட்காது போல. அம்மா கொழுந்தெடுக்கப் போன நாளில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் சோறு கருகிவிட்டது. ஹட்டன் டவுனில் ஓடுகிற த்ரீவீலர்களுக்கு ஹார்னும் இப்போது பெயருக்குத்தான். ஒருவன் என் முழங்கையை உரசிக்கொண்டு போய் நிறுத்தி, நாலு தடவை அடிச்சேன் ஐயா என்று என்னிடமே சண்டைக்கு வருகிறான். ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்கள் வாய்க்குள்ளே பேசுகிறார்கள். எல்லாவற்றையும் மெலிதாக, சின்னதாக, ஒட்டினாற்போல் செய்து உலகத்தையே கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நீ மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. அந்தப் போனுக்கு நான் ஒரு வழி பண்ணுகிறேன். அதுவரை நான் உன்னோடு கடிதத்தில் பேசுகிறேன். பிள்ளைத்தாய்ச்சி அழக் கூடாது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அப்பா சிவசாமி

*

மேற்பிரிவு
20.1.2007

என் அன்பு மகளுக்கு,

பேத்தி பிறந்த செய்தியை அம்மா இஸ்தோப்பில் நின்று சத்தமாகச் சொன்னாள். லயம் முழுவதும் சீனி கொடுத்தோம். நீ நல்லபடியாகப் பிள்ளை பெற்று எழுந்ததில் என் மனம் குளிர்ந்திருக்கிறது. இங்கே இருந்திருந்தால் அம்மா உனக்குப் பெருங்காயமும் பூண்டும் அரைத்துக் கொடுத்திருப்பாள். அங்கே ஆஸ்பத்திரியில் குளிர்ந்த ஜூஸ் கொடுத்தார்களாமே. அதைக் கேட்டு அவள் ஒரு நாள் முழுவதும் புலம்பினாள். மாப்பிள்ளையின் அம்மா கூட இருந்து பார்த்துக்கொள்வது பெரிய உதவி. யாழ்ப்பாணத்துச் சரக்குத்தூள் நல்லது என்று அம்மாவிடம் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன், அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை போனில் எழுத்தாக அனுப்பிய செய்தி கிடைத்தது. அந்த ஒரு காரியத்துக்காக அந்தப் போனை மன்னிக்கிறேன். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைப்பது, பெயர் அக்ஷரா. நல்ல பெயர். சொல்லிப் பார்த்தால் முக்கால்வாசி காற்றுத்தான், இருந்தாலும் நல்ல பெயர்.

நம் குடும்பத்தில் தாய்மாமன்தான் பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்வது. உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாதபடியால் அந்த வேலை எனக்கு என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். போனைப் பிள்ளையின் காதில் வைப்போம், நான் சைகை கொடுத்ததும் அப்பா சொல்லட்டும் என்றாயாம். அதோடு இன்னொன்றும் சொன்னாயாம். அன்றைக்காவது அப்பா என்னோடு நாலு வார்த்தை பேச வேண்டும், அவர் அன்றைக்கும் போனை உங்கள் கையில் கொடுத்துவிட்டால் இனி நான் அவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க மாட்டேன் என்று.

மகளே, இதைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் நாலு மாதமாக அந்தச் சாமானோடு மல்லுக்கட்டுவது உனக்கு எங்கே தெரியப் போகிறது? காதுக்கு மாட்டுகிற வயரை வைத்துப் பார்த்தேன். ஹட்டனில் வேறு ஒரு கம்பெனிப் போனை இரவல் வாங்கிப் பார்த்தேன். கோயில் மேட்டில் ஏறி நின்று பார்த்தேன், அங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே பழுது. உன் அம்மா என்ன சொல்கிறாள் தெரியுமா? போன்ல ஒன்னுமில்லைங்க, உங்களுக்குத்தான் காது மந்தம், வாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்கிறாள். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்துவிட்டு என்னைக் குறை சொல்கிறாள். தேயிலை ஸ்டோரில் எலெக்ட்ரிசனாக இருந்த காலத்தில் மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் போகப் போகிறது என்று சொன்னவன் நான். எனக்குக் காது மந்தமாம்.

சரி, அதை விடு. நான் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நம் கோயில் அம்பிளிபையர் இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. கோயில் அறை ஒழுகுவதால் தலைவர் கந்தப்பன் அதை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பங்குனித் திருவிழாவுக்குள் அதைச் சரி பண்ண வேண்டும். இரும்புப் பெட்டி, பெரிய குமிழ், நாலு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. இப்படி ஒரு சாமானை இனி எவன் செய்யப் போகிறான்? காதுக்கு மாட்டுகிற வயரை வெட்டி, ஒரு முனையைப் போனில் செருகி, மற்ற முனையை அம்பிளிபையரில் கொடுத்து, என் பழைய பெட்டி ஸ்பீக்கரை முன்னால் வைத்துக்கொள்ளப் போகிறேன். உன் குரல் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி வரும்.

ஆகவே அன்றைக்கு நான் போனை யாரிடமும் கொடுக்க மாட்டேன். நீ கேட்பதைக் கேள், நான் பதில் சொல்கிறேன். அங்கே விடிந்து சாமி கும்பிட்டதும் கூப்பிடு. இங்கே விளக்கு வைக்கிற நேரமாக இருக்கும், எல்லா வேலையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பிள்ளையைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே. உனக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அழைப்புக்குக் காத்திருக்கும் அப்பா

*

மேற்பிரிவு
25.2.2007

அன்பு மகள் பிரியந்திக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அக்ஷராவும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டும். இங்கே வெயில் வந்துவிட்டது, கொழுந்து நிறைய, அம்மாவுக்கு முதுகு வலி. அவளை ஒரு நாள் நிற்கச் சொன்னால் கேட்கிறாள் இல்லை.

பெயர் வைத்த அன்று அங்கே உனக்கு என்னென்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். அம்மா சொன்னால் அதில் பாதி என்னைக் கேலி பண்ணுவதாக இருக்கும்.

அன்று நான் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அம்மா குத்துவிளக்கு ஏற்றி வைத்தாள். போன் அடித்தது. அம்பிளிபையர் குமிழைக் கால்வாசி திருப்பினேன். உன் குரல் வந்தது, ஆனால் அதே கிணற்றுக் குரல். பாதி திருப்பினேன். அதற்கும் மேலே திருப்பினேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டு என்னமோ சொன்னாள், நான் கையைக் காட்டிச் சும்மா இரு என்றேன். முழுவதும் திருப்பி முடித்தபோதுதான், பிரியந்தி, நீ வந்தாய். நீ மூச்சு இழுத்துக்கொண்டு பேசுவது, சின்ன வயதிலிருந்து வார்த்தைக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் வந்தது. உன்னைக் கட்டுநாயக்காவில் ப்ளேன் ஏற்றிவிட்டு வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் நான் உன் குரலைக் கேட்கிறேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது நீ கேட்டாய்.

"அப்பா, பேர் சொல்றதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நான் வந்ததுல இன்னும் கோவமாத்தான் இருக்கீங்களா?"

நீ பதிலுக்குக் காத்திருந்த அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நினைத்தது உன்னைப் பற்றி இல்லை, அந்தக் குமிழைப் பற்றி. அது கடைசிக் கோட்டில் நின்றது. திருவிழாவில் கீழ்ப்பிரிவு வரைக்கும் கேட்க வேண்டும் என்றாலும் நான் பாதிக்கு மேலே திருப்புவதில்லை. என் தொழிலில் ஒரு முறை உண்டு. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். நான் போனை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். எல்லாவற்றிலும் மாறாமல் இருந்த ஒரே சாமான் நான்தான். அதை ஒரு தடவையும் சோதித்துப் பார்க்கவில்லை. அம்மா சொன்னாள், நான் அவளைத் திட்டினேன். அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது என்று எழுதலாம். ஆனால் மனசுக்குள் எங்கேயோ தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபமாகப் போனைத் திட்டியிருக்கிறேன்.

நான் சொன்ன பதிலை நீ கேட்டாய்.

"கோவம் இல்லம்மா. இத்தனை நாளா நீ பேசுனது எனக்குக் கேக்கலம்மா. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதன் பிறகு நீ அழுததும் எனக்கு நன்றாகக் கேட்டது. பிறகு பிள்ளையின் காதில் போனை வைத்துவிட்டேன் என்றாய், நான் மூன்று தடவை பெயர் சொன்னேன். பிள்ளை சிணுங்கியது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அதுவும் கேட்டது.

இதுவரை உனக்குத் தெரியும். இனித் தெரியாததைச் சொல்கிறேன்.

அந்த வாரம் நான் கோயில் ஹோர்னை, அந்தப் புனல் ஸ்பீக்கரை, சோதித்துப் பார்ப்பதற்காக, என் மேசையிலிருந்து கூரை வழியாக வயர் இழுத்து, கோயில் மேட்டுச் சவுக்கு மரத்தில் கட்டியிருந்த ஹோர்னோடு சேர்த்திருந்தேன். பெட்டி ஸ்பீக்கரை மாட்டியபோது அந்த வயரைக் கழற்ற மறந்துவிட்டேன். நீ பேசியது எல்லாம், நான் பேசியது எல்லாம், மேற்பிரிவு முழுவதும் ஹோர்னில் போயிருக்கிறது. அங்கே நீங்கள் ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள் அல்லவா, அதனால் நான் சொல்வது கனடாவுக்குப் போய், உங்கள் வீட்டுக்குள் சுற்றி, திரும்ப வந்து நம் சவுக்கு மரத்தில் ஒலித்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை என்று நான் சொன்னதை என்னைத் தவிர எல்லாரும் இரண்டிரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள்.

அம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது அதைத்தான். எனக்கு எங்கே விளங்கியது? என் தலைக்கு மேலே ஒரு ஹோர்ன் கத்திக்கொண்டிருக்கிறது, நான் முன்னால் இருந்த பெட்டியை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இஸ்தோப்புக் கதவைத் திறந்து பார்த்தால் வாசலில் கூட்டம். பிள்ளையின் பெயர் கேட்டு வந்திருக்கிறார்கள், சீனி கொடு என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் கந்தப்பன் உள்ளே வந்து, அம்பிளிபையரின் பின்பக்கத்து ஹோர்ன் வயரைத் தன் கையாலேயே கழற்றிவிட்டார். பிறகு என் காதுப் பக்கம் குனிந்து, நான் கேட்கும்படியாகச் சொன்னார். அண்ணே, நம்ம கோயில் செட்டு இவ்வளவு நல்ல சேதி இதுவரைக்கும் சொன்னதில்லை என்று.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வீட்டுக்குள் பேச வேண்டியதை மலை முழுக்கப் பரப்பியவன் நான். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் என் கதையைத்தான் பேசினார்களாம், அம்மா வந்து சொன்னாள். நான் ஒரு கிழமை டவுன் பக்கமே போகவில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை, பிரியந்தி. அம்மாக்கண்ணு டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணே, இதைப் பழையபடி குறைச்சுக் குடுங்க, நீங்க பாக்க வரும்போது நான் கூட்டி வைக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

இன்னொன்று. நான் மூன்றாவது தடவை பெயர் சொன்னதும், வெளியே நின்ற பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்களாம். அம்மாக்கண்ணு ஆரம்பிக்க, கீழ் லயம் வரைக்கும் போய், கீழேயிருந்து பதிலுக்கு வந்ததாம். அது உனக்குப் போனில் கேட்டதா? எனக்குக் கேட்கவில்லை. என் பேத்திக்குப் போட்ட குலவை, என் வீட்டு வாசலில் போட்டது, எனக்குக் கேட்கவில்லை. அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. கேட்டிருந்தால் பதில் எழுது, எப்படி இருந்தது என்று எழுது.

மறு வாரம் அம்மாவோடு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆமாம், நானே போனேன். காது பார்க்கிற டாக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, உன் வயது இருக்கும். தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்க என்றாள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. இது பழுது போல, வேறு செட் இருந்தால் மாட்டுங்க என்று சிங்களத்தில் சொன்னேன். அந்தப் பிள்ளை அதைக் கழற்றி அம்மாவின் தலையில் மாட்டினாள். அம்மா பொத்தானை டக் டக் என்று அமுக்குகிறாள். பாம்பு விளையாடிப் பழகிய கை.

பிறகு ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. பேஸ் இருக்கிறது, ட்ரெபிள் இல்லை. மேல் சத்தம் வெட்டுப்பட்டு அடிச்சத்தம் மட்டும் நிற்கிறது. உன் போனைப் பற்றி நான் முதல் கடிதத்தில் எழுதியது இதேதான். நான் கண்டுபிடித்த பழுது சரி. பழுது இருந்த பெட்டிதான் வேறு. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். ஸ்டோரில் ரோலர் ஓடுகிற அறையில் என்றேன். அந்த அறையில் ஒருவருக்கொருவர் பேச வேண்டுமென்றால் காதைப் பிடித்து இழுத்துக் கத்துவோம், உனக்கு ஞாபகம் இருக்கும், நான் வீட்டுக்கு வந்தும் கத்துவேன் என்று நீ சண்டை போடுவாய். போனது போனதுதான், திரும்ப வராது என்று அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதால் அம்மா திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று.

காதுக்குள் வைக்கிற மெஷின் ஒன்றைக் காட்டினாள். அவரை விதை அளவு. கையில் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஸ்க்ரூ இல்லை. சுற்றி ஒட்டியிருக்கிறது. குமிழ் இல்லை. பட்டரி நெற்றிப் பொட்டு அளவு. பழுதானால் எப்படித் திறப்பது என்று கேட்டேன். திறக்கக் கூடாது ஐயா, வேறதான் வாங்கணும் என்றாள். அம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஒரு வருடமாக எதையெல்லாம் திட்டினேனோ, அத்தனையும் அதில் இருக்கிறது.

சும்மா வைத்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் என் காதில் மாட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்தியது. இந்தப் பக்கத்தில் குருவியே இல்லாமல் போய்விட்டது என்று நான் போன வருடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாப்பிள்ளை அங்கே நல்லதாக ஒன்று பார்த்து அனுப்புகிறேன் என்று போனில் எழுத்தாக அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று பதில் அனுப்பத்தான் இருந்தேன். இப்போது சொல்கிறேன், அனுப்பச் சொல். அவர் தேடி அனுப்பட்டும், நான் மாட்டிக்கொள்கிறேன்.

போனில் நீ பேசினால் இனியும் எனக்குச் சரியாகக் கேட்காது. கோயில் அம்பிளிபையரைத் திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டேன், அது இனி இங்கே வராது, கந்தப்பன் கோயில் அறைக் கூரையைச் செய்துவிட்டார். ஆனாலும் நீ கூப்பிடும்போது என்னைக் கேள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வேன், நீ திருப்பிச் சொல், நான் திருப்பிக் கேட்பேன். அம்மா கையில் கொடுத்துவிட மாட்டேன்.

பேத்தி நன்றாகப் பால் குடித்து வளரட்டும். தீர்க்காயுளோடு இருக்கட்டும். உன்னை நான் என்றைக்கும் கோபித்ததில்லை, இதை இன்னும் ஒரு தடவை எழுத்தில் வைத்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அக்ஷரா பேசத் தொடங்குவதற்கு முன்னால் அந்த மெஷின் வந்து சேரும்படி பார்த்துக்கொள். மாரியம்மன் மேல் சத்தியம், அதை நான் திறந்து பார்க்கமாட்டேன்.

உன் குரலுக்கும் பேத்தியின் குரலுக்கும் ஏங்கும்,
அப்பா சிவசாமி